தண்ணீரா, கார்பன் டை ஆக்சைடா? கழிவுக்கேற்ற மீமாறுநிலைப் பாய்மம்

ஒரு பொருளைக் குறிப்பிட்ட சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால், அது திரவமும் அல்லாத வாயுவும் அல்லாத மீமாறுநிலையை எட்டும். இதைக் கொண்டு கழிவைக் கையாளுவதை மீமாறுநிலைத் தொழில்நுட்பம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதில் அதிகம் பேசப்படும் இரண்டு பாய்மங்களின் வேலையும் வேறு வேறு. தண்ணீர் கழிவைச் சிதைக்கும். கார்பன் டை ஆக்சைடு கழிவிலிருந்து வேண்டியதை உருவிக்கொண்டு வரும்.

கண்ணாடிச் சன்னல் வைத்த அழுத்தக் கலனில், மீமாறுநிலைக்கு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். திரவத்துக்கும் ஆவிக்கும் நடுவே இருக்கும் கோடு, சூடு ஏற ஏற மங்கி, ஒரு கட்டத்தில் மறைந்துவிடும். அதன்பிறகு உள்ளே இருப்பது வாயுவைப் போல இண்டு இடுக்கெல்லாம் நுழையும், திரவத்தைப் போலக் கரைக்கும். கார்பன் டை ஆக்சைடு இந்த நிலையை எட்ட 31 டிகிரி செல்சியஸும் 74 பார் அழுத்தமும் போதும். தண்ணீருக்கோ 374 டிகிரியும் 221 பாரும் வேண்டும்.

அந்தச் சூட்டில் தண்ணீரின் குணமே தலைகீழாகிறது. எண்ணெயும் ஆக்சிஜனும் அதில் முழுதாகக் கலந்துவிடும், உப்பு கரையாது. நச்சுக் கரிமக் கழிவை ஆக்சிஜனோடு சேர்த்து உள்ளே செலுத்தினால், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்ளேயே சிதைந்துவிடும். எரியுலையில் சேற்றைப் போட்டால் அதிலுள்ள ஈரத்தை விரட்டவே எரிபொருள் கரைகிறது. இங்கே அந்த ஈரம்தான் வினை நடக்கும் களம். எரியுலையைவிடச் சூடு குறைவு என்பதால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மிகக் குறைவு. எளிதில் சிதையாத, ஃபுளோரின் கொண்ட பிஎஃப்ஏஎஸ் (PFAS) சேர்மங்களையும் இந்த முறை உடைக்கிறது. ஈரமான நச்சுக் கழிவுக்கு என் தேர்வு தயக்கமில்லாமல் இதுதான்.

ஆனால் 1980களிலிருந்து முயன்றும் இது பரவலாகாததற்கு அந்த உப்பே முக்கியக் காரணம். கரையாமல் பிரியும் உப்பு சுவரில் ஒட்டிக் குழாயை அடைக்கிறது. கழிவில் குளோரின் இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகி, நிக்கல் உலோகக் கலவையைக்கூட அரிக்கிறது. உப்பு மிகுந்த கழிவை முன்கூட்டியே பிரிக்காமல் இதில் விடுவது வீண் செலவு.

கார்பன் டை ஆக்சைடு சாதுவானது. பழைய லித்தியம் பேட்டரியின் மின்பகுளியில் (உள்ளே அயனிகளைக் கடத்தும் திரவத்தில்) உள்ள கரிமக் கரைப்பான்களை, சூடாக்கிச் சிதைக்காமல் இது வெளியே எடுத்துவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் வாயு தானாகப் பிரிந்துபோய், எடுத்த பொருள் மட்டும் மிஞ்சும். உலோகத்தைக் கரைக்க இதனால் தனியே முடியாது, துணைக்கு வேறு வேதிப்பொருள் வேண்டும். வேதிப் பிணைப்புகளை உடைக்கும் திறனும் இதற்கு இல்லை.

பிசினில் கார்பன் இழைகளைப் பதித்துச் செய்த கலவைப் பொருளிலிருந்து இழையை மீட்க, இந்த இரண்டையும்விட ஆல்கஹால் எனக்குப் பிடிக்கும். ஆக்சிஜன் இல்லாமல் சூடாக்கும் வெப்பச்சிதைவு முறையில் இழைமேல் கரி படிகிறது. அதை எரித்து நீக்கப் போனால் இழையின் வலு குறைகிறது. சுமார் 264 டிகிரியில் மீமாறுநிலையை எட்டும் புரோப்பனால், பிசினை உடைத்துக் கரைத்து இழையைச் சுத்தமாக விடுகிறது. பிசினிலிருந்து வந்த வேதிப்பொருள்களும் கைக்கு வருகின்றன.

தண்ணீர் பாட்டில் செய்யப் பயன்படும் பெட் (PET) பிளாஸ்டிக்கை மீமாறுநிலை மெத்தனாலால் மூலப்பொருளாகவே பிரிக்க முடியும். ஆனாலும் சுத்தமான பாட்டில்களை உருக்கி வார்த்தாலே போதும். சாயமும் அழுக்கும் கலந்து, உருக்க வழியில்லாத பெட் கழிவுக்கு மட்டும் இவ்வளவு அழுத்தத்தைச் செலவழிக்கலாம்.