நாலு பக்கமும் நாலு வேலி: ஆனேக்கல் பக்கம் வெள்ளாடு வளர்க்கும் அனுபவம்

விவசாயி அல்லாதவர்கள் விவசாய நிலம் வாங்கத் தடையாக இருந்த, நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகளைக் கர்நாடக அரசு 2020இல் நீக்கிய பிறகு, பெங்களூரில் இருக்கும் நம் ஆட்கள் பலர் ஊரைச் சுற்றி ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். வாங்கியதும் நாலு மாங்கன்று, ஒரு போர்வெல், அப்புறம் ஆடு. "ஆட்டுக்கு என்ன வேலி போட்டீங்க?" என்று கேட்பவர்களுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிகிறது. சில வருடங்களாக வளர்த்ததில் எது நின்றது, எது தொங்கியது என்று முழுசாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் இடம் ஆனேக்கல் தாண்டி, தளிக்குப் போகிற திசையில் ஒரு ஏக்கர் சொச்சம். செம்மண், லேசான சரிவு. ஆடுகள் எப்போதும் பத்துக்குள்தான். சேலம் கருப்பு சில, மற்றவை உள்ளூர் நாட்டாடு. கறிக்கும் இல்லை, விற்பனைக்கும் இல்லை. நாங்கள் சனி, ஞாயிறு போவோம். மற்ற நாளெல்லாம் அங்கேயே தங்கியிருக்கும் ஒரு அண்ணனும் அக்காவும் பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த நிலத்தில் நாலு பக்கமும் நாலு விதமான வேலி. ரோட்டுப் பக்கம் செயின் லிங்க், பழைய உரிமையாளர் போட்டது. வடக்கே பக்கத்து ராகிக்காரருக்கும் எங்களுக்கும் பொதுவான கல்தூண் முள்கம்பி. பின்பக்கம் நாங்கள் புதிதாகப் போட்ட முடிச்சு வலை. தெற்கே கிளுவையும் கிளைரிசிடியாவும் கலந்த உயிர்வேலி. ஒரே ஆடு, ஒரே மழை, ஒரே மண் என்பதால் எது தேறும் என்று நன்றாகவே தெரிந்துவிட்டது.

செயின் லிங்க் பார்க்க அழகு. நாய்க்கு, மாட்டுக்கு, ரோட்டில் போகிற மனிதருக்கு அது போதும். வெள்ளாட்டுக்குப் போதாது. வெள்ளாடு செம்மறி மாதிரி தலையைக் குனிந்து புல் மேயும் பிராணி இல்லை. அதற்குத் தலைக்கு மேலே இருக்கிற தழைதான் வேண்டும். முன்னங்கால் ரெண்டையும் வலையின் கண்ணில் ஊன்றி, பின்னங்காலில் எழுந்து நின்று, வேலிக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் புங்கங்கிளைக்குக் கழுத்தை எட்டும். முப்பது கிலோ எடை அப்படியே வலையின் நடுவில் சாயும். ஒரு ஆடு நின்ற இடத்திலேயே அடுத்ததும் நிற்கும். செயின் லிங்க் ஒற்றைக் கம்பியைச் சுருட்டிப் பின்னியது, அதனால் ஓரிடத்தில் இழுத்தால் பக்கத்துக் கண்களும் சேர்ந்து தளரும். ஒரே வருடத்தில் அது ரெண்டு தூணுக்கு நடுவே தூளி மாதிரி தொய்ந்துவிட்டது. மேலே, நடுவே, கீழே என மூன்று வரிசை இழுவைக் கம்பியை ஓட்டிக் கட்டிய பிறகுதான் நேராக நிற்கிறது. ஏற்கெனவே செயின் லிங்க் இருக்கிற நிலத்தை வாங்குபவர்கள் அதைப் பிடுங்க வேண்டியதில்லை. இழுவைக் கம்பியும், வேலிக்கு வெளியே ஆறடி தூரத்துக்குத் தழை இல்லாமல் வெட்டி வைப்பதும் போதும். ஆடு வேலியில் ஏறக் காரணமே அந்தத் தழைதான்.

முடிச்சு வலைக்குத்தான் என் ஓட்டு. நேர்க்கம்பியும் குறுக்குக்கம்பியும் சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் தனித்தனி முடிச்சு. ஓரிடத்தில் அழுத்தினால் அந்த இடம் மட்டும் வளைந்து திரும்ப நிமிரும். வாங்கும்போது ரெண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது கண்ணின் அளவு. ஆறு அங்குலக் கண் கொஞ்சம் விலை குறைவு என்று கடையில் எடுத்துக் காட்டுவார்கள், வேண்டாம். ஆட்டின் கொம்பு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். தலையை முன்னால் நுழைக்கும்போது சுலபமாகப் போகும், திரும்ப இழுக்கும்போது கொம்பு கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். வெயிலில் அப்படியே கிடந்து செத்துப்போன ஆடுகளைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாலு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, கீழ்வரிசைகள் மூன்று அங்குலமாக நெருங்கி இருந்தால் குட்டியும் நுழையாது. ரெண்டாவது கேஜ். எண் ஏற ஏறக் கம்பி மெலிசு: 10 கேஜ் சுமார் 3.2 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.6, 14 கேஜ் வெறும் 2. ஆட்டுக்கு 12 கேஜை விட மெலிசான கம்பி வேண்டாம். ஓரக் கம்பிகள் 10 என்றால் இன்னும் நல்லது.

செலவுக் கணக்குப் போடுகிறவர்கள் ஏக்கரை வைத்துப் போடாதீர்கள், சுற்றளவை வைத்துப் போடுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சதுரமாக இருந்தால் சுற்றளவு 835 அடி. அதே ஏக்கர் நூறடி அகலத்தில் நீளவாக்கில் கிடந்தால் 1,071 அடி. எட்டடிக்கு ஒரு தூண் என்றால் முன்னதற்கு 104, பின்னதற்கு 134. வலையை விடத் தூணும் குழியும் ஆள்கூலியும்தான் பணத்தைத் தின்கின்றன.

தூணுக்குக் கல்லைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். பெங்களூரைச் சுற்றிக் கருங்கல்லுக்குக் குறைவில்லை. திராட்சைப் பந்தலுக்கு நட்ட பழைய கல்தூண்கள் தேவனஹள்ளி, தொட்டபள்ளாப்பூர் பக்கம் கைமாறிக்கொண்டே இருக்கும், அதுவே நல்ல சரக்கு. இரும்பு ஆங்கிள் மண்மட்டத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும், ஆட்டு மூத்திரம் படுகிற இடத்தில் இன்னும் வேகமாக. ஏழடிக் கல்லில் ரெண்டடி மண்ணுக்குள், ஐந்தடி வெளியே. மூலைத்தூணுக்கு ரெண்டு பக்கமும் சாய்வாக முட்டுக்கல் கொடுத்தாக வேண்டும். வலையை இழுத்துக் கட்டும்போது பாரம் முழுவதும் மூலையில்தான் விழும். மூலை அசைந்தால் அந்தப் பக்கம் முழுக்கத் தளர்ந்துவிடும்.

முள்கம்பியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டுக்கு அது வேலியே இல்லை. ரெண்டு வரிசைக்கு நடுவே தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். பால் கட்டிய மடி முள்ளில் கிழிந்தால் தைத்து ஆற்றுவது பெரும்பாடு. வடக்குப் பக்கத்தில் ராகிக்காரரிடம் சொல்லிவிட்டு எங்கள் ஓரமாக உள்ளே வலை அடித்துவிட்டோம்.

அந்த ராகிக்காரர் வயதானவர், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். வலை அடிக்கும்போது பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஆடு வெளியே போகும்னு பயந்து வேலி போடாதீங்க சார். வயிறு நிறைஞ்சா அது எங்கேயும் போகாது. நாய் உள்ளே வரும்னு போடுங்க" என்றார். இத்தனை நாள் பார்த்ததில் இதைவிடச் சரியான பேச்சு எனக்குக் கிடைக்கவில்லை. நகரத்தின் ஓரம் விரிய விரிய, குப்பை கொட்டுகிற இடமெல்லாம் நாய்க்கூட்டம். அவை வேலியைத் தாண்டுவதில்லை, தோண்டுகின்றன. மழையில் மண் அரித்து வேலிக்கு அடியில் நாலு விரல் சந்து விழுந்தால் போதும். தெற்கு உயிர்வேலியில் அப்படித்தான் பட்டப்பகலில் நுழைந்து ஒரு பெட்டை ஆட்டின் தொடையைக் கடித்தன. அக்கா கம்போடு ஓடியதால் உயிர் தப்பியது. காயத்தைச் சோப்புத் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, டாக்டரை வரவழைத்து, வெறிநோய்த் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டோம். இன்றும் நன்றாக இருக்கிறது.

அதிலிருந்து வலை இருக்கிற மூன்று பக்கமும் அதன் அடியில் சப்படிக் கல்லை, அதாவது பலகை மாதிரி தட்டையான கல்லை, செங்குத்தாகப் புதைத்து வருகிறோம். ஓரடி மண்ணுக்குள், அரையடி வெளியே. சப்படி கிடைக்காத இடத்தில் வலையின் அடி விளிம்பை வெளிப்புறமாக ஓரடி மடித்து, அதன்மேல் கல்லை அடுக்கி மண்ணை மூடலாம். நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டும், நகத்துக்குக் கம்பி தட்டுப்பட்டால் விட்டுவிடும். ஐந்தடி உயரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில் பாதியை அடி விளிம்பைப் பற்றிப் படுங்கள்.

கேட்டும் அப்படியே. வேலி எவ்வளவு பலமாக இருந்தாலும் கேட்டின் அடியிலும் கீல் பக்கத்திலும் இடைவெளி இருந்தால் பயனில்லை. அடியில் ஒரு பலகைக்கல்லை வாசற்படி போலப் பதித்துவிடுங்கள். வெறும் தாழ்ப்பாளை ஆடு உதட்டாலேயே தூக்கிவிடும், சங்கிலி போட்டுக் கொக்கி மாட்ட வேண்டும்.

உயிர்வேலியை நான் கைவிடவில்லை. கொங்குப் பக்கத்துக் கிளுவை வேலியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஆடு உள்ளே இருக்கும்போது போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டால் துளிர்க்கத் துளிர்க்கத் தின்று தீர்த்துவிடும், பட்டையையும் உரித்துவிடும். முதலில் கம்பிவலை, அதற்கு வெளியே மூன்றடி தள்ளிப் போத்து, இதுதான் வரிசை. கிளுவை கோடையில் இலை உதிர்த்து நிற்கும் என்பதால் நடுநடுவே கிளைரிசிடியா. புதிதாகப் பார்க்கிற ஆடு அதன் வாடைக்கு முகத்தைத் திருப்பும். வெட்டி அரைநாள் வாடவிட்டுப் போட்டால் பழகிவிடும். சூபாபுல்லும் நல்ல தழைதான், ஆனால் அதில் மைமோசின் என்கிற நஞ்சு இருப்பதால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

வேலியோரம் பிடுங்கியே ஆக வேண்டிய செடி உண்ணிச்செடி. பன்னேர்கட்டாக் காட்டை ஒட்டிய நிலமெல்லாம் அதுதான் மண்டிக் கிடக்கிறது. மற்ற தழை இருக்கும்வரை ஆடு தொடாது. பங்குனி, சித்திரையில் பச்சை இல்லாமல் போகும்போதுதான் வாய் வைக்கும். கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து உரியும். அழகுக்கு அரளி நட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

ராத்திரிக்கு வேலியை நம்பக் கூடாது. சிறுத்தைக்கு ஐந்தடி ஒரு பொருட்டே இல்லை. எங்கள் கொட்டகை மண்ணிலிருந்து நாலடி உயரப் பரண், சில்வர் ஓக் சட்டம், மேலே ஷீட், நாலு பக்கமும் கூரை வரைக்கும் வலை, உள்ளே கம்பிக்கதவு. பொழுது சாய்வதற்குள் எல்லாம் ஏறிவிடும். சட்டத்துக்கு நடுவே புழுக்கை கீழே விழும் அளவுக்கு ஒரு விரல் சந்து போதும், அதற்கு மேல் என்றால் குட்டியின் குளம்பு சிக்கும். யானை விஷயம் வேறு. ராகி அறுப்பு சமயத்தில் பன்னேர்கட்டாவுக்கும் தளி, ஜவளகிரிக் காடுகளுக்கும் நடுவே அவை நடக்கும். அதைத் தடுக்கிற வேலி நம்மைப் போன்றவர்களிடம் கிடையாது, தடுக்கவும் கூடாது. நேரடி கரண்ட் கொடுப்பது குற்றம் மட்டுமல்ல, கொலை.

ஆடு ஒன்றே ஒன்று போதும் என்று குழந்தைக்காக வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. தனியாக விட்ட ஆடு நாள் முழுக்கக் கத்தும், வேலியை முட்டும். குறைந்தது ரெண்டு வேண்டும். பெருக வேண்டாம் என்றால் கிடாக்குட்டியை மூன்று மாதம் தாண்டியதும் டாக்டரிடம் காயடித்துவிட வேண்டும். சினைக்காலம் ஐந்தே மாதம், இரட்டைக் குட்டி சகஜம், கொஞ்சம் அசந்தால் நிலம் தாங்காது. காயடித்த கிடாவுக்குத் தானியத்தை அளவோடு கொடுங்கள், இல்லாவிட்டால் மூத்திரக்குழாயில் கல் அடைக்கும்.

வருகிற விருந்தாளிகளுக்கு நாங்கள் போட்டிருக்கும் ஒரே கட்டுப்பாடு சோறு, பிஸ்கட், பிரெட் போடக் கூடாது என்பதுதான். மீந்த சாதத்தை வயிறு முட்டத் தின்ற ஆடு புளிப்பேறி ஒரே நாளில் படுத்துவிடும். ஆசையாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் மார்கழியில் வீட்டில் அவரைக்காய் உரித்த தோலைக் கொண்டுவரச் சொல்வோம். பெங்களூரில் அந்த மாதம் அது மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிறது, ஆடுகள் கோணிப்பையின் சத்தம் கேட்டாலே ஓடிவரும். பட்டுப்புழுவுக்கு இலை பறித்து எஞ்சிய மல்பெரிக் குச்சியும் அப்படித்தான். பெரிய ஆட்டுக்குத் தினம் மூணு, நாலு கிலோ பசுந்தழை, ஒரு தாது உப்புக்கட்டி, நல்ல தண்ணீர். இதுவே போதும்.

ஊசியில் ரெண்டை மட்டும் தவறவிடாதீர்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஒருமுறை போட்டால் மூன்று வருடம் தாங்கும். துள்ளுமாரிக்கு வருடாவருடம் மழைக்கு முன்னால். உடம்பு சரியில்லை என்றால் 1962க்கு அடித்தால் நடமாடும் கால்நடை வண்டி வரும்.

இந்த மழைக்கு முன்னால் தெற்குப் பக்கத்திலும் முடிச்சு வலை ஓட்டி, அடியில் சப்படி புதைக்கப் போகிறோம். பட்ஜெட் குறைவாக இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஒரு ஏக்கரையும் வளைக்காமல் பத்துக் குண்டை, அதாவது கால் ஏக்கரை மட்டும் ஒழுங்காக வளைத்து, அங்கே ஆட்டை விட்டு, மீதி நிலத்திலிருந்து தழையை வெட்டிக்கொண்டு வந்து போடுங்கள்.