குமுளிக்கு எத்தனை எழுத்து? விம், ஈமாக்ஸ் கையேடுகள் ஓர் ஒப்பீடு

குமுளி என்ற ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்து என்று கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளை மூன்று என்று சொல்லிவிடும். கணினி 18 என்றும் சொல்லும், 6 என்றும் சொல்லும், கேட்கிற விதமாகக் கேட்டால் 3 என்றும் சொல்லும். எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தருவதற்குத்தான் கையேடு. விம், ஈமாக்ஸ் இரண்டும் டெக்ஸ்ட் கோப்புகளைத் திருத்தும் எடிட்டர்கள். இரண்டிலும் உள்ளேயே நிரல் எழுத ஒரு ஸ்கிரிப்ட் மொழி இருக்கிறது, அதற்கென்று பெரிய கையேடும் இருக்கிறது. தமிழில் வேலை பார்க்கிறவருக்கு எது உதவும் என்று தீர்மானிக்க நான் முதலில் வைக்கிற சோதனை இந்தக் குமுளிதான்.

கம்பம், கூடலூர், போடி பக்கம் ஏலக்காய்க் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. தோட்டம் இடுக்கி மலையில், வீடும் கடையும் கீழே. ஏலம் புற்றடியிலும் நடக்கிறது, போடியிலும் நடக்கிறது. லாட் எண், மூட்டை, கிலோ, விலை, பெயர் என்று வருகிற பட்டியலில் பாதிப் பெயர் தமிழில் இருக்கும், மீதி மலையாளத்தில். இதையெல்லாம் டெக்ஸ்ட் கோப்பாக வைத்துக்கொண்டு, எடிட்டருக்குள்ளேயே சின்னச் சின்ன நிரல் எழுதிச் சரிசெய்வது என் வழக்கம். கடையில் கூட இருக்கும் தம்பி முதல் நாளே கேட்டான்: “அண்ணே, இங்கிலீஷ் பேரு நேரா நிக்குது. நம்ம பேரு வர்ற வரி மட்டும் ஏன் தள்ளிப் போகுது?”

விம்மில் இதற்கு விடை தேடுவது இப்படி. ஹெல்ப் என்று தட்டி, நீளத்தை எண்ணும் ஸ்ட்ர்லென் (strlen) என்ற பெயரை அடைப்புக்குறியோடு கொடுத்தால் நேராக அந்தப் பத்தியில் கொண்டுபோய் நிறுத்தும். அடைப்புக்குறி போட்டால் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல்), ஒற்றை மேற்கோள் போட்டால் ஆப்ஷன் (அமைப்பு), முன்னால் முக்காற்புள்ளி போட்டால் கட்டளை. இந்த ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கையேட்டில் பாதி வசமாகிவிடும். ஸ்ட்ர்லென் பைட்டைத்தான், அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகைத்தான், எண்ணும் என்று அந்தப் பத்தி முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. எழுத்தை எண்ண வேண்டுமானால் ஸ்ட்ர்சார்ஸைப் பார் என்று கைகாட்டவும் செய்கிறது. அங்கே போனால், ஒட்டுக்குறிகளை (கால், கொம்பு, புள்ளி போல எழுத்தோடு ஒட்டி வருபவற்றை) தனியாக எண்ணவும் செய்யலாம், விட்டுவிடவும் செய்யலாம், ஸ்ட்ர்சார்லென் எப்போதும் விட்டுவிட்டுத்தான் எண்ணும் என்று இருக்கிறது. ஆக, குமுளிக்கு முதலாவது 18 தரும், இரண்டாவது 6, மூன்றாவது 3. மலையாளத்தில் அந்த ஊரைக் குமளி என்று எழுதுவார்கள், ஒரு குறி குறைவு. அதற்கு 15, 5, 3.

இதே பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒட்டுக்குறிகளை விட்டுவிடும் வசதி 7.4.755 என்ற பேட்சுக்கு (சிறு திருத்தத்துக்கு) பிறகுதான் வந்தது என்று சொல்லிவிட்டு, அதற்கு முந்தைய விம்மில் வேலை செய்ய ஒரு சிறு நிரலையும் கையேடு அங்கேயே எழுதித் தருகிறது. பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஓட்டுகிற கடைகளையும் நினைத்து எழுதிய கை அது. 1991இல் விம்மை வெளியிட்டு, 2023 ஆகஸ்டில் மறையும்வரை அதைக் கட்டிக்காத்த பிராம் மூலனாரின் அக்கறை இந்தக் கையேடு முழுக்கத் தெரிகிறது.

தம்பியின் கேள்விக்கு விடை, வரியை அகலம் பார்த்து வடிவமைக்கும் பிரிண்ட்எஃப் பத்தியில் இருந்தது. சதவீதக் குறிக்குப் பின்னால் சிறிய எஸ் போட்டால் அகலத்தை பைட்டில் அளக்கும், பெரிய எஸ் போட்டால் திரைக் கட்டத்தில் அளக்கும். இருபது அகலம் கேட்டால், சிறிய எஸ் குமுளிக்கு 18 பைட் போக இரண்டே இடைவெளி விடும். அதே ஊரை ஆறு ஆங்கில எழுத்தில் எழுதினால் பதினான்கு விடும். அப்புறம் எப்படி வரி நேராக நிற்கும்? பெரிய எஸ் போட்டதும் கணக்கு சரியானது. டெர்மினலின் எழுத்துரு கால், கொம்புகளை அகலமாக வரைந்தால் மறுபடியும் கொஞ்சம் விலகும். ஆனால் அதைக் கையேட்டின் குறையாகச் சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2022 ஜூனில் 9.0 வந்ததிலிருந்து விம்முக்குள் இரண்டு மொழி இருக்கிறது: பழைய விம்ஸ்கிரிப்ட் ஒன்று, விம்9 ஸ்கிரிப்ட் ஒன்று. ஒரு பெயரின் முதல் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் சுழியம் போட்டு எடுத்தால், பழைய மொழியில் ஒரே ஒரு பைட் கையில் வரும். தமிழுக்கு அது உடைந்த துண்டு, திரையில் படிக்கவே முடியாது. விம்9இல் அதே வரி ‘கு’ என்று முழு எழுத்தைத் தரும். இந்த வேறுபாடு விம்9க்கான தனிக் கோப்பில் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஃபங்ஷன் பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறவர் அந்தக் கோப்புக்குப் போகாமலே இருந்துவிடலாம். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்கு அப்படி இல்லை.

ஈமாக்ஸின் போக்கே வேறு. கண்ட்ரோல் எச், அடுத்து எஃப், அடுத்து லெங்த் என்று கொடுத்தால் சின்ன விளக்கம் வரும்: இது பைட் எண்ணிக்கையாக இருக்க வேண்டியதில்லை, எழுத்து எண்ணிக்கை, பைட் வேண்டுமானால் ஸ்ட்ரிங்-பைட்ஸ். குமுளிக்கு 6, 18. சரி, அந்த 3 எங்கே? அதற்கு ஈமாக்ஸ் லிஸ்ப் ரெஃபரன்ஸ் மேனுவல் என்ற பெரிய நூலுக்குள் போக வேண்டும். ஆஸ்கிக்கு, அதாவது அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்புக்கு, வெளியே உள்ள எழுத்துகளுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஓர் எழுத்து உள்ளே ஒன்றிலிருந்து ஐந்து பைட் வரை எப்படி உட்கார்கிறது, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடுக்கு அப்பாலும் ஈமாக்ஸ் ஏன் எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறது, உடைந்த பைட்டைக்கூட எப்படிப் பத்திரமாகக் காக்கிறது என்று அடியிலிருந்து சொல்கிறது. அதைப் படித்து முடித்தால், இனி எந்தக் கோப்பு வந்தாலும் என்ன நடக்கிறது என்று தெரியும். அவசரத்துக்கு விடை தேடுகிறவருக்கு அது சுற்றுவழி. விஷயத்தைப் புரிந்துகொள்ள நினைப்பவருக்கு விம்மில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை என்றே சொல்வேன்.

அந்த 3க்கான வழி, 29ஆம் பதிப்பில் வந்த ஸ்ட்ரிங்-கிளிஃப்-ஸ்ப்ளிட். திரையில் எழுத்துகள் எப்படிச் சேர்ந்து நிற்கின்றனவோ அப்படிப் பிரிக்கும். தேக்கடி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் தே, க், க, டி என்று நான்கு. விம்மின் ஸ்ட்ர்சார்லெனும் நான்கு என்கிறது. மலையாளத்தில் எழுதினாலும் அது நான்குதான் சொல்லும், ஆனால் மலையாளம் படிப்பவர் கண்ணுக்கு நடுவில் இருப்பது ஒரே கூட்டெழுத்து, ஆக மூன்று. ஒட்டுக்குறியை விட்டுவிடுவதும் எழுத்தைப் பிரிப்பதும் ஒன்றல்ல என்பது இரண்டு மொழியும் புழங்குகிற நம் பக்கத்தில்தான் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. ஈமாக்ஸ் கையேட்டில் திரைச் சேர்க்கை என்ற கருத்தே விளக்கப்பட்டிருப்பதால் இந்த வேறுபாட்டுக்குக் கொஞ்சமாவது பிடி கிடைக்கிறது. விம் கையேடு இந்தப் பக்கமே வருவதில்லை.

ஈமாக்ஸில் இன்னொன்றும் பிடிக்கும். நாம் எழுதும் ஃபங்ஷனுக்குள் இரண்டு வரி விளக்கம் எழுதி வைத்தால், கண்ட்ரோல் எச் எஃப்பில் அதுவும் மற்றவற்றைப் போலவே வந்து நிற்கும். கடையில் நான் எழுதிய நிரலைத் தம்பி அப்படித்தான் படித்துக்கொள்கிறான், என்னைக் கேட்பதில்லை. விம்மில் அதற்குத் தனிக் கோப்பு எழுதி, டேக் (ஹெல்ப் தேடிப் பிடிக்கும் பெயர்க்குறி) உருவாக்கி வைக்க வேண்டும். பெயர் தெரியாமல் தேடுகிறவருக்கு 28ஆம் பதிப்பில் வந்த ஷார்ட்டாக் எடுத்துக்காட்டும் விடையுமாகப் பட்டியல் தரும். விம்மில் அதே வேலைக்கு 41ஆம் அத்தியாயத்தின் ஃபங்ஷன் பட்டியல் இருக்கிறது, ஆனால் எடுத்துக்காட்டு இல்லை.

விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம்மைப் பற்றியும் கேட்பார்கள். அதன் ஸ்கிரிப்ட் மொழியான லுவாவுக்கான வழிகாட்டி படிக்க இதமாக இருக்கிறது, தொடங்குகிறவருக்குக் கொடுக்கலாம். எழுத்து எண்ண வேண்டும் என்றால் லுவாவின் நீளக் குறியும் பைட்டைத்தான் தருகிறது. அங்கிருந்து மறுபடி விம் ஃபங்ஷன்களுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

மலைக்குப் போகிறவர்கள் நிறுவும்போதே பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. குமுளிப் பாதையில் சிக்னலை நம்ப முடியாது, கையேடு கணினியிலேயே இருக்க வேண்டும். டெபியன் லினக்ஸில் விம்-டைனி என்ற சிறிய பதிப்பை மட்டும் போட்டால் ஹெல்ப் வராது, விம்-ரன்டைம் தொகுப்பு தேவை. ஈமாக்ஸ் கையேடு குனு ஆவண உரிமத்தில் மாற்றக் கூடாத பகுதிகளோடு வருவதால், டெபியன் அதை நான்-ஃப்ரீ பிரிவில் தனியாக வைத்திருக்கிறது. கீழே இருக்கும்போதே தேடிப் பிடித்துப் போட்டுவிடுங்கள்.

என் தேர்வைக் கேட்டால், கடையில் திறந்திருப்பது விம், இரவில் உட்கார்ந்து படிப்பது ஈமாக்ஸ் நூல். விம் தன் கையேட்டை வேறு மொழிகளிலும் ஏற்கிறது. மொழியின் ஈரெழுத்துக் குறியோடு எக்ஸ் சேர்த்துக் கோப்புக்கு ஈற்றுப்பெயர் வைத்து, டேக் உருவாக்கினால் போதும், ஜப்பானியர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். தமிழுக்கு யாராவது தொடங்குவதானால் ஸ்ட்ர்சார்ஸ், ஸ்ட்ர்சார்லென், பிரிண்ட்எஃப் ஆகிய மூன்று பத்திகளை முதலில் எடுத்து, குமுளியையும் தேக்கடியையும் எடுத்துக்காட்டாக வைக்கலாம். நானும் கூடச் சேர்ந்து எழுதத் தயார்.