எட்டு வருடமாக ‘ஹேட்’ போட்டு எழுதுகிறேன்

சிங்கப்பூரில் துவாஸ் பகுதியில் ஒரு ஷிப்யார்டில் சேஃப்டி கோஆர்டினேட்டர் வேலை. வாரம் இரண்டு ரிப்போர்ட்டாவது ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். அதனால் பாஸ்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ், அதாவது கடந்த காலத்தில் ஒன்றுக்கு முன்பே இன்னொன்று முடிந்துவிட்டதை ‘ஹேட்’ (had) போட்டுச் சொல்லும் வடிவம், எனக்குப் பள்ளிப் பாடம் இல்லை, தினமும் கையில் எடுக்கிற கருவி. எட்டு வருடம் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதல் வருடம் நடந்தது இது. கிரைண்டரின் கார்டை (சக்கரத்தை மூடும் பாதுகாப்புத் தகட்டை) கழற்றிவிட்டு வேலை பார்த்த ஒருவருக்குக் கையில் வெட்டு. நான் ரிப்போர்ட்டில் இப்படி எழுதினேன்: ‘வென் தி சூப்பர்வைசர் கேம், தி வொர்க்கர் ரிமூவ்டு தி கார்டு.’ மறுநாள் சூப்பர்வைசர் அண்ணனை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, “உன் கண்ணெதிரே கழற்றியிருக்கிறான், நீ பார்த்துக்கொண்டு நின்றாயா?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நேராக என்னிடம் வந்தார். “தம்பி, நான் வர்றதுக்கு முன்னாடியே கழற்றிட்டான்னுதானே உன்கிட்ட சொன்னேன்?” அதைத்தான் எழுதியதாக நான் நினைத்திருந்தேன். என் வாக்கியம் சொன்னதோ, அவர் வந்தார், அதன்பின் இவன் கழற்றினான் என்று. ‘ஹேட் ரிமூவ்டு’ என்று இருந்திருந்தால் அண்ணனுக்கு அந்தப் பேச்சு கிடைத்திருக்காது. அன்றைக்கே திருத்திக் கொடுத்தேன், ஆனால் அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

அதற்கப்புறம் பயத்தில் எல்லா வரியிலும் ‘ஹேட்’ போட ஆரம்பித்தேன். ‘ஐ ஹேட் செக்ட் தி டெக் எஸ்டர்டே’ என்று எழுதினால், மேனேஜர் அம்மா ‘ஹேட்’ மேல் பென்சிலால் வட்டம் போட்டு, “பிஃபோர் வாட்?” என்று கேட்பார். எதற்கு முன்னால்? வேறு விளக்கம் எதுவும் சொல்ல மாட்டார். அந்த ஒரு கேள்வி பத்து இலக்கணப் புத்தகத்துக்குச் சமம்.

நமக்கு ஏன் இந்தத் தவறு வருகிறது என்பதைப் பல நாள் யோசித்தேன். தமிழில் ‘நேற்று தேக்கா மார்க்கெட் போயிருந்தேன்’ என்று சொன்னால் அத்தனை இயல்பு. அங்கே யாரைப் பார்த்தேன், என்ன வாங்கினேன் என்று பேச்சைத் தொடங்க அந்த ‘இருந்தேன்’ உதவுகிறது. அதை அப்படியே ‘ஐ ஹேட் கான்’ என்று மாற்றினால், கேட்பவர் இன்னொரு நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பார். ஆங்கிலத்தில் அது வெறும் ‘வென்ட்’. ஆனால் ‘அவர் வந்தபோது கழற்றியிருந்தான்’ என்கிற இடத்தில் நம் ‘இருந்தான்’ ‘ஹேட்’டுடன் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஓரிடத்தில் பொருந்தி இன்னோரிடத்தில் பொருந்தாமல் போவதால்தான் குழப்பம்.

சைட்டில் பேசுகிற சிங்கப்பூர் ஆங்கிலத்தில் ‘ஆல்ரெடி’ இருக்கிறது. ‘ஹி ரிமூவ் ஆல்ரெடி’ என்றால் வேலை முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் புரியும். வாக்கிடாக்கியில் அதைவிட வேகமான வழி இல்லை, நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் எதற்கு முன் முடிந்தது என்பதை அது தனியாகச் சொல்லாது. ரிப்போர்ட்டில் அது முக்கியம்.

இப்போது நான் செய்வது இதுதான். முதலில் ஒரு தாளில் நேரத்தை மட்டும் எழுதுவேன்: 9.10 கார்டு கழற்றினான், 9.25 அண்ணன் வந்தார், 9.26 அடிபட்டது. இதே வரிசையில் சொல்லிக்கொண்டு போனால் ‘ஹேட்’ வேண்டியதே இல்லை. 9.25-இல் கதையைத் தொடங்கிப் பின்னால் திரும்பினால்தான் வேண்டும். ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ தெளிவாக இருக்கும் வாக்கியத்திலும் பெரும்பாலும் இல்லாமலே ஓடும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஹேட் பீன் ரிமூவ்டு’. யார் கழற்றியது என்று தெரியாதபோது, யார் மேலும் பழி போடாமல், முன்பே கழற்றப்பட்டிருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடலாம். விசாரணை முடியும்வரை அதுதான் நியாயமான வாக்கியம்.

வினையின் மூன்றாம் வடிவம்தான் நம்மவர்கள் பலருக்குச் சிக்கல். ‘ஹேட் வென்ட்’, ‘ஹேட் ஃபெல்’ என்று எழுதிவிடுகிறார்கள். நம் வேலையில் அடிக்கடி வருபவை சிலதான்: கான், ஃபாலன், டேக்கன், புரோக்கன், வோர்ன். ஹெல்மெட்டுக்குள் ஒட்டி வைத்துப் படித்தாலும் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

காதில் கேட்பது மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை. வேகமாகப் பேசும்போது ‘ஐட்’ (I'd) என்பது ‘ஐ ஹேட்’டா, ‘ஐ வுட்’டா என்று பின்னால் வரும் வினையைப் பிடித்தால்தான் தெரிகிறது. ‘ஐட் கான்’ என்றால் போயிருந்தேன், ‘ஐட் கோ’ என்றால் போவேன். சாட்சி சொல்பவரிடம் இந்த இடம் வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொல்கிறேன்.