தாத்தாவின் சோழிப் பெட்டியை ஆற்றில் விடுகிறேன் என்று வந்தவர்

பழைய சோழி, ஜோசியச் சுவடி, சோழி போட்டுக் குறி பார்க்கும் பிரசன்னப் பலகை என்று ஏதாவது வீட்டில் இருந்து, அதை என்ன செய்வதென்று குழம்பிக்கொண்டிருப்பவர்கள் யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது போன ஆடி மாதம், கும்பகோணத்தில்.

என் தாத்தாவுக்கு விவசாயம்தான் தொழில். ஆனால் மாடு காணாமல் போனாலும், பெண்ணுக்கு வரன் தள்ளிப்போனாலும் தெருவில் நாலு பேர் எங்கள் திண்ணையில் வந்து உட்காருவார்கள். பித்தளைப் பெட்டியைத் திறந்து 12 சோழியைக் கையில் குலுக்கிப் பலகையில் போடுவார். மல்லாந்தது எத்தனை, கவிழ்ந்தது எத்தனை என்று எண்ணிய பிறகுதான் வாயைத் திறப்பார். வெற்றிலை பாக்கைத் தவிர ஒன்றும் வாங்கமாட்டார். அந்தப் பெட்டியோடு அவருடைய அப்பா கைப்பட எழுதிய ஒரு சுவடிக் கட்டும் எழுத்தாணியும் இருந்தன. தாத்தாவுக்குப் பிறகு அப்பா அதைத் தொடவில்லை. அப்பாவும் போன பிறகு எல்லாம் என்னிடம் வந்தது.

"மந்திரம் சொல்லி உருவேத்தின சோழி, பாக்கறவங்க இல்லாத வீட்டுல இருக்கக் கூடாதுடி" என்று அத்தை ஒருத்தி சொன்னாள். மகளுக்கு அப்போதுதான் வரன் பார்க்கத் தொடங்கியிருந்தோம். பயந்துவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி அந்த ஆள் வந்தார். சுத்தி பூஜை செய்து முறைப்படி ஆற்றில் சேர்க்க 8,500 ரூபாய் என்றார். கொடுத்தேன்.

சோழிகளைத் தாம்பாளத்தில் பரப்பி, நாலு எலுமிச்சம்பழத்தை அவற்றின் மேல் பிழிந்தார். சற்று நேரத்தில் ஒவ்வொரு சோழியின் அடியிலும் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. "பாத்தீங்களாம்மா, எத்தனை வருஷத்துத் தோஷம், எப்படி வெளியேறுது பாருங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதற்கெல்லாம் சரி என்றேன். மஞ்சள் துணியில் எல்லாவற்றையும் வைத்து முடியும்போது குடும்பத்தார் யாரும் பார்க்கக் கூடாது, திரும்பி நில்லுங்கள் என்றார். நின்றோம். காவிரிப் படித்துறையில் மூட்டையை விட்டார். பெட்டியில் தோஷம் ஒட்டியிருக்கும், அதைத் தனியாகக் கழிக்கணும் என்று பித்தளைப் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த பையன்கள் அந்த மூட்டையை மேலே எடுத்துப் போட்டிருந்தார்கள். கல் வைத்துக் கட்டியிருந்ததால் ஓரத்திலேயே இறங்கியிருக்கிறது. என் கையாலேயே முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே ஒரு புதுப் பனையோலை விசிறியை நறுக்கிய துண்டுகளும் ஜல்லிக் கல்லும் இருந்தன. சுவடி இல்லை. எழுத்தாணி இல்லை. ஒரு சோழிகூட இல்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

போன் செய்தால், "ஆத்துல விட்டதைத் திரும்ப எடுத்துப் பாத்தீங்கல்ல, இனி வர்றதுக்கு நான் பொறுப்பில்லம்மா" என்றார். அதற்குப் பிறகு அந்த நம்பர் போகவே இல்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறேன்.

அந்தக் குமிழி விஷயத்தை என் மகள்தான் புரியவைத்தாள். சமையலறையில் உடைத்த முட்டை ஓட்டின் மேல் எலுமிச்சைச் சாற்றை விட்டுக் காட்டினாள். அதே பொடிக் குமிழி. சோழியும் சுண்ணாம்பு ஓடுதானே, புளிப்புப் பட்டால் அரித்துக்கொண்டு குமிழி விடும். தோஷமும் இல்லை, ஒன்றும் இல்லை.

எங்கள் தெருக் கோயில் குருக்களிடம் பிறகு கேட்டேன். "பெரியவர் கை பட்ட பொருள், அதுல என்னம்மா தோஷம்? வெறும் தண்ணியில அலம்பி, துடைச்சு, சாமி படத்துக்கிட்ட வெச்சிருக்கலாமே. வைக்க மனசில்லேன்னா ஒரு நமஸ்காரம் பண்ணிட்டு நீங்களே ஆத்துல விட்டிருக்கலாம். இதுக்கு எதுக்கு ஒரு ஆள், எதுக்குக் காசு?" என்றார். இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

சோழியை நீங்களே ஆற்றில் விடுவதானால் விடுங்கள். சுவடியை மட்டும் தயவுசெய்து தண்ணீரில் போடாதீர்கள், நெருப்பிலும் போடாதீர்கள். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதைகளைக் கேட்டு உ.வே.சாமிநாதையர் எவ்வளவு நொந்துபோனார்! எங்கள் கும்பகோணம் கல்லூரியில் 1880-லிருந்து 1903 வரை பாடம் நடத்தியவர் அவர். இதே ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு நானும் அதே தப்பைச் செய்யத் துணிந்தேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். ஒரு மணி நேர பஸ் பயணத்தில் தஞ்சாவூர். போய் விசாரித்திருக்கலாம். அதுவரை பாலாலும் பன்னீராலும் கழுவாமல், மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, ஈரமில்லாத இடத்தில் துணி சுற்றி வைத்தாலே போதும்.

இந்தச் சுவடியை வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அறிவு, வரலாறு, இலக்கியம் என்று ஏதாவது ஒரு வகையில் மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி 75 வருஷத்துக்கு மேற்பட்டதாக இருந்தால், 1972-ம் வருஷச் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

மகள் கட்டிலுக்கடியில் பெருக்கும்போது ஒரே ஒரு சோழி கிடைத்தது. பூஜையன்று உருண்டு போயிருக்கிறது. முன்பெல்லாம் நெய் தடவியதுபோல் மினுங்கும். இப்போது சாறு பட்ட பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துச் சொரசொரப்பாக இருக்கிறது. அதை சாமி படத்தடியில் வைத்திருக்கிறேன்.

கும்பகோணம், தஞ்சாவூர், காரைக்குடிப் பக்கம் பழைய சாமான் கடைகளுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். நாற்பது சொச்சம் ஏடு, சிவப்பு நூல் கட்டு, மேல்பலகையில் பிள்ளையார் சுழி, அதன் வலது மூலையில் விளக்குத் திரி பட்டுக் கருகிய தழும்பு. எங்கேயாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் வருகிறேன்.