சமன்பாடு உடைந்தால் எது கைகொடுக்கும்: லேடெக்கா, வேர்டா, டைப்ஸ்டா?

கணிதம் நிறைந்த ஆவணத்தை எதில் தயாரிக்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எது அழகாக வரும் என்றுதான் பார்க்கிறார்கள். வேர்டு, கட்டளைகளை எழுதி ஆவணமாக்கும் லேடெக், அதே வகையில் புதிதாக வந்த டைப்ஸ்ட்: அழகில் மூன்றுமே இப்போது நன்றாகத்தான் இருக்கின்றன. எழுபதாவது சமன்பாட்டில் ஏதோ உடைந்தால் அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்? நான் அதை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது எண்ணிடுவதில். வேர்டில் சமன்பாட்டின் கடைசியில் ஹேஷ் குறி போட்டு (5) என்று தட்டி என்டர் அழுத்தினால் எண் வலது ஓரத்தில் போய் உட்காரும். ஆனால் அது வெறும் எழுத்து. நடுவில் புதிதாக ஒரு சமன்பாடு நுழைந்தால் 5 தானாக 6 ஆகாது. 'சமன்பாடு 5-இன்படி' என்று எழுதிய வரிகளும் அப்படியே நிற்கும். எந்த எச்சரிக்கையும் வராது. எண்களை ஃபீல்டாக, அதாவது வேர்டே கணக்கிட்டு நிரப்பும் இடமாக, வைத்தால் தப்பிக்கலாம், ஆனால் அவற்றைப் புதுப்பிக்க முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்த மறக்கக்கூடாது.

லேடெக்கில் சமன்பாட்டுக்குப் பெயர் வைக்கும் லேபிள், அந்தப் பெயரை வைத்து எண்ணை வரவழைக்கும் ஈக்யூரெஃப் என்ற இரண்டு கட்டளைகளும் போதும். எண் வர வேண்டிய இடத்தில் இரட்டைக் கேள்விக்குறி வந்தால் பயப்பட வேண்டாம். ஆவணத்தை உருவாக்கும் முதல் ஓட்டத்தில் எண்களை ஆக்ஸ் என்ற துணைக் கோப்பில் குறித்துவைக்கும், இரண்டாவது ஓட்டத்தில்தான் எடுத்துப் போடும். மறுபடி ஓட்டியும் போகவில்லையா? லேபிள் பெயரில் எழுத்துப்பிழை இருக்கும். தவறு தாளிலேயே தெரிகிறது, எனக்குப் பிடித்ததே அதுதான். டைப்ஸ்ட் இன்னும் கறார்: எண்ணிடலை இயக்காமல் ஒரு சமன்பாட்டைச் சுட்டினால் ஆவணமே உருவாகாது.

பிழைச்செய்தி என்று வந்தால் லேடெக் தோற்றுவிடும். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று சமன்பாட்டுக்குள் ஒரு வெற்று வரி விட்டிருந்தேன். 'மிஸ்ஸிங் டாலர் இன்செர்ட்டட்', அதாவது விடுபட்ட டாலர் குறியைச் சேர்த்தேன், என்றது லேடெக். வரிக்குள் வரும் கணிதத்தை அதில் டாலர் குறிகளுக்கு நடுவேதான் எழுதுவோம். டாலர் குறிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தே அரை மணி நேரம் போனது. கணிதப் பகுதிக்குள் வெற்று வரி ஆகாது என்பதை அந்தச் செய்தி சொல்லவே இல்லை. டைப்ஸ்டில் எக்ஸையும் ஒய்யையும் ஒட்டி எழுதிப் பாருங்கள்: அப்படி ஒரு மாறி இல்லை என்று சொல்லி, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடலாமே என்ற குறிப்பையும் தரும். டைப்ஸ்ட் 2023-இல் பொதுவெளிக்கு வந்தது. லேடெக்கோ, 1970களின் இறுதியில் கணினி அறிஞர் டொனால்ட் நூத் தொடங்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் மேல் நிற்கிறது. அந்த வயது பிழைச்செய்திகளில் தெரிகிறது.

நீண்ட சமன்பாட்டை உடைப்பதிலும் லேடெக்கில் ஒரு பொறி உண்டு. லெஃப்ட், ரைட் என்ற கட்டளைகள் அடைப்புக்குறியின் உயரத்தைத் தாமே சரிசெய்யும். ஆனால் ஒரு வரியில் லெஃப்ட் போட்டுத் திறந்த அடைப்புக்குறியை அடுத்த வரியில் ரைட் போட்டு மூட முடியாது. முதல் வரி முடிவில் ரைட்டும் ஒரு புள்ளியும், அடுத்த வரித் தொடக்கத்தில் லெஃப்ட்டும் ஒரு புள்ளியும் வைத்தால் பிழை போகும். அப்புறம் இரு வரிகளின் அடைப்புக்குறிகளும் வெவ்வேறு உயரத்தில் நிற்கலாம். பிக்எல், பிக்ஆர் என்ற கட்டளைகளால் அளவை நாமே சொல்லிவிடுவது நல்லது. பல வரிச் சமன்பாடுகளை வரிசைப்படுத்தும் பழைய ஈக்யூஎன்அரேயை விட்டுவிட்டு அலைனுக்கு வாருங்கள், சமக்குறியின் இருபுறமும் தேவையில்லாத இடைவெளி விழாது.

சிறிய குறிப்புகளுக்கு நான் டைப்ஸ்டையே திறக்கிறேன். ஆய்வேட்டுக்கும் கட்டுரைக்கும் லேடெக்தான், பல கணித இதழ்கள் இன்னும் அந்தக் கோப்பைத்தான் கேட்கின்றன. கூட எழுதுபவருக்கு வேர்டு மட்டும்தான் தெரியும் என்றால் சரி, வேர்டிலேயே எழுதுங்கள். முதல் சமன்பாட்டிலிருந்தே எண்களை ஃபீல்டாக வையுங்கள்.