பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு முழுக் காலை வேண்டும்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களிடம் டிராவல்ஸ்காரர்கள் முதலில் நீட்டுவது ‘ஒரே நாளில் குமரி’ திட்டம்தான். காலையில் பத்மநாபபுரம், அடுத்து சுசீந்திரம், பிறகு விவேகானந்தர் பாறைக்குப் படகு, கடைசியில் சூரிய அஸ்தமனம். மெல்பர்னிலிருந்து போயிருந்த எங்களுக்கும் அப்படியொரு தாள் வந்தது. அதில் அரண்மனைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். “பழைய மர வீடுதானே சார், அதற்கு மேல் என்ன இருக்கிறது?” என்றார் வண்டி ஏற்பாடு செய்தவர். அதோடு அவருடைய வண்டி வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வண்டி இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம், திருவனந்தபுரம் போகும் பஸ்கள் தக்கலை வழியாகத்தான் போகின்றன. தக்கலையிலிருந்து அரண்மனை சுமார் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ உடனே கிடைக்கிறது. கவனிக்க வேண்டியது கிழமையைத்தான். 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை கேரளத்தின் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. இன்றும் அந்த மாநிலத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள். மதியம் சாப்பாட்டு இடைவேளை உண்டு. பதினொன்றரைக்குப் போய் இறங்கினால் பாதியிலேயே கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். கேமராவுக்குத் தனி டிக்கெட். செருப்பை வெளியே விட வேண்டும். அது ஒரு குறையல்ல. அந்தத் தரையை வெறுங்காலோடு மிதித்தால்தான் அருமை தெரியும். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெழுகியது என்கிறார்கள். கறுத்து, குளிர்ந்து, முகம் தெரிகிற பளபளப்பு.

1601 வாக்கில் தொடங்கிய கட்டடங்களை 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா விரிவாக்கினார். 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை திருவிதாங்கூரின் ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது. நுழைந்ததும் வரும் பூமுகத்தின் கூரையில் செதுக்கிய பூக்கள் தொண்ணூறு வகை. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. என் மகள் அண்ணாந்து எண்ணத் தொடங்கி, கழுத்து வலித்ததும் விட்டுவிட்டாள். மேலே மந்திரசாலையில் வண்ண மைக்கா பதித்த சாளரங்கள் வெயிலை வடிகட்டி அனுப்புகின்றன. வெளியே கொளுத்தும்போதும் உள்ளே மின்விசிறி தேவைப்படவில்லை. ராஜாவும் மந்திரிகளும் இங்கே உட்கார்ந்து எப்படித் தூங்காமல் இருந்தார்களோ!

பிள்ளைகளுக்குப் பிடித்தது ஊட்டுபுரை. இரண்டு தளங்களிலுமாக இரண்டாயிரம் பேர் பந்தியில் அமரும் கூடம் அது. அங்கே நின்றபடி, எத்தனை வாழையிலை, எத்தனை குத்துப்போணி சாம்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாய்க் கொட்டாரத்தை விட்டு வர மனமில்லை. வளாகத்திலேயே பழைய பகுதி அதுதான். அங்குள்ள பலாமரத் தூணின் வேலைப்பாட்டை மட்டுமே கால்மணி நேரம் பார்க்கலாம். அறைகளில் நிற்கும் ஊழியர்கள் தமிழிலும் மலையாளத்திலும் விளக்குகிறார்கள். கூட்டம் நகர்ந்த பிறகு கேட்டால் இன்னும் நிதானமாகச் சொல்கிறார்கள். மூலிகை மரங்களால் செய்த ராஜாவின் கட்டிலைப் பற்றி ஒருவர் பேசியதை அம்மா வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மாடிப்படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. சில இடங்களில் வெளிச்சமும் குறைவு. வாசல்கள் தாழ்வு என்பதால் உயரமானவர்கள் குனிந்தேதான் போக வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மா சில மாடிகளைத் தவிர்த்துவிட்டு முற்றத்திலேயே நின்றுகொண்டார். அவசரம் இல்லாததால் அவருக்காக நாங்கள் காத்திருக்கவும் முடிந்தது.

அன்றைக்கு இன்னோர் இடமும் பார்க்க வேண்டும் என்றால் கன்னியாகுமரிக்கு ஓடாதீர்கள். பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாயின் கல்லறை அதற்குள்தான் உள்ளது. மரநிழல் தாராளம்; மதியத்துக்கு ஏற்ற இடம்.

நவராத்திரி சமயத்தில் வருகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அரண்மனைத் தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இங்கிருந்துதான் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுகிறார்கள். அதற்கு முன் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும். இரு மாநிலப் போலீசாரும் அணிவகுத்து மரியாதை செலுத்துவார்கள். அன்று அறை அறையாகப் பார்க்க நினைத்தால் நடக்காது. ஊர்வலம் வேண்டுமானால் விடிந்ததும் போய்த் தெருவில் இடம் பிடியுங்கள்; அரண்மனைக்கு இன்னொரு நாள் வாருங்கள்.