வூகாமர்ஸில் 8 மாதம்: பணம் வந்தது, ஆர்டர் வரவில்லை

கையால் தைத்து அட்டை போட்ட நோட்டுப் புத்தகங்கள் விற்கிறேன். மொத்தம் 11 ரகம். 8 மாதமாக என் ஆன்லைன் கடை வூகாமர்ஸில்தான் ஓடுகிறது.

இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில், கடை நடத்துவதற்காகச் சேர்த்துக்கொள்ளும் பிளகின் (கூடுதல் மென்பொருள்) வூகாமர்ஸ். 2011-இல் வெளியானது, 2015-இல் ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் கைக்குப் போனது. பிளகின் இலவசம். ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சர்வரின் வாடகை), டொமைன் (தளத்தின் பெயர்), ஒவ்வொரு விற்பனையிலும் பேமென்ட் கேட்வே (வாடிக்கையாளரின் பணத்தை வாங்கித் தரும் சேவை) எடுத்துக்கொள்ளும் கமிஷன் எல்லாம் நம் செலவு. ஆனாலும் கடையின் கணக்கு முழுவதும் என் சர்வரில் இருக்கிறது. நாளைக்கே வேறு ஹோஸ்டிங்குக்கு மாறினாலும் பழைய ஆர்டர்கள் என்னோடு வரும். இதற்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

கடையை அமைக்க 2 மாலைகள் போதுமாக இருந்தன. படம் எடுக்கத்தான் ஒரு வாரம் போனது. செக்அவுட்டில், அதாவது வாங்குபவர் முகவரி நிரப்பி ஆர்டரை முடிக்கும் பக்கத்தில், நிறுவனப் பெயர், இரண்டாவது முகவரி வரி இரண்டையும் எடுத்துவிட்டேன். கணக்கு தொடங்காமலே வாங்கும் வசதியைத் திறந்து வைத்தேன். நோட்டு வாங்க வந்தவரிடம் பாஸ்வேர்டு கேட்டு நிறுத்தி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கார்டு விவரம் என் தளத்துக்கு வரவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அதனால் பணம் கட்டும் பக்கம் கேட்வேயின் பக்கமாகவே திறக்கும்படி வைத்தேன். "கார்டு நம்பரை மெசேஜில் அனுப்பட்டுமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, நானே ஆர்டர் போட்டு, அந்த ஆர்டர் பக்கத்தில் கிடைக்கும் பேமென்ட் லிங்கை அனுப்பிவிடுவேன். அதிகம் பேர் கவனிக்காத, அருமையான வசதி இது.

மூன்றாவது வாரம் ஒரு அம்மா போன் செய்தார். "பணம் எடுத்துட்டாங்க, ஆர்டர் மெயில் ஒண்ணும் வரலையே?" எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆர்டரைத் திறந்தால் 'ரத்து' என்று நிற்கிறது. பக்கத்தில் ஆர்டர் நோட்ஸில் (ஆர்டருக்கு என்ன நடந்தது என்று வூகாமர்ஸ் எழுதி வைக்கும் குறிப்பு) ஒரு வரி: நேரம் முடிந்துவிட்டது, பணம் வராத ஆர்டர் ரத்து செய்யப்பட்டது. பணம் வராத ஆர்டருக்காகச் சரக்கைப் பிடித்து வைக்கும் நேரம் வூகாமர்ஸில் முதலிலிருந்தே 60 நிமிடம் என்று இருக்கும். அது கடந்ததும் ஆர்டர் ரத்தாகி, சரக்கு மறுபடி கடைக்குப் போய்விடும். அவர் வாங்கியது நீல அட்டை போட்ட கடைசி நோட்டு. அதற்குள் வேறொருவர் அதை வாங்கியிருந்தார்.

நடந்தது இதுதான். பணம் கட்டியதும் அவர் பக்கத்தை மூடிவிட்டார், என் தளத்துக்குத் திரும்பி வரவில்லை. அப்படியானால் பணம் வந்த சேதியைக் கடைக்குச் சொல்ல இருக்கும் வழி வெப்ஹுக் மட்டும்தான், அதாவது கேட்வேயின் சர்வர் என் சர்வருக்கு நேராக அனுப்பும் தகவல். நான் போட்டிருந்த ஒரு பாதுகாப்பு பிளகின் அந்தத் தகவலை வெளியாள் என்று நினைத்துத் தடுத்திருந்தது. கேட்வேயின் பேனலில் பார்த்தால் வரிசையாகச் சிவப்பில் 403, அதாவது 'அனுமதி இல்லை'. அந்த முகவரிக்கு அனுமதி கொடுத்ததும் சரியாகிவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, 2 நாளில் இன்னொரு நீல நோட்டு தைத்து அனுப்பினேன்.

அதற்கு முன்பும் நான் டெஸ்ட் மோடில் (நிஜப் பணம் போகாமல் சோதிக்கும் முறை) சோதித்துத்தான் இருந்தேன். ஸ்ட்ரைப் என்ற கேட்வேயில் 4242 என்று நான்கு முறை வரும் கார்டு எண் பிரபலம். மற்ற கேட்வேகளும் இப்படிச் சோதனை எண்கள் தருகின்றன. ஆனால் ஒவ்வொரு முறையும் 'நன்றி' பக்கம் வரும்வரை காத்திருந்து பார்த்தேன். வாடிக்கையாளர் அப்படிக் காத்திருப்பார் என்று யார் சொன்னது? பணம் கட்டிய கையோடு டேபை மூடுங்கள். அதன் பிறகும் ஆர்டர் தானாகவே 'பிராசஸிங்' (பணம் வந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டும்) நிலைக்கு வந்தால்தான் கடை தயார்.

ரீஃபண்டிலும் ஒரு இடம் இருக்கிறது, அங்கே கவனம் வேண்டும். ஆர்டர் பக்கத்தில் 2 பட்டன் வரலாம். கேட்வேயின் பெயர் போட்ட பட்டன் பணத்தை நிஜமாகவே திருப்பி அனுப்பும். 'மேனுவல்' என்று இருப்பது கணக்கில் மட்டும் எழுதிக்கொள்ளும், வாடிக்கையாளருக்கு ஒரு காசும் போகாது. பெயர் போட்ட பட்டனே இல்லையென்றால் கேட்வேயின் பேனலுக்குப் போய்த்தான் பணத்தை அனுப்ப வேண்டும்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் அப்டேட், பேக்கப் என்று உட்காரத் தயாராக இருப்பவர்களுக்கு வூகாமர்ஸைத் தயங்காமல் சொல்வேன். எங்கே தவறு நடந்தது என்பதை ஆர்டர் நோட்ஸ் நிமிடக் கணக்கோடு காட்டியதால்தான் அன்று என்னால் அந்த அம்மாவுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தது. உட்கார நேரமில்லாதவர்கள் மாத வாடகைக்கு எல்லாம் சேர்த்துத் தரும் சேவைக்குப் போகலாம். நான் இங்கேயே இருக்கிறேன். எந்த பிளகினை அப்டேட் செய்தாலும் முதல் வேலையாக ஒரு சோதனை ஆர்டர் போட்டு, பணம் கட்டி, டேபை மூடிவிட்டு ஆர்டர் பக்கத்தைப் பார்க்கிறேன்.